சுவருக்குப் பின்னால் ஒரு புருஷன்

புருஷன் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே விதவையானவள் ருமியாத்தி. அதுவும் ரகசியமாக இல்லை. செமாராங் பட்டணத்தில், குளிர்சாதனம் போட்ட பெரிய கடைவளாகத்தில், நகரும் படிக்கட்டுக்கு எதிரே, ஆளுயரப் படமாக.

சேதி கைபேசியில் வந்தது. அந்தப் பட்டணத்தில் தையல் ஆலையில் வேலை பார்க்கும் மகள் விந்தார்தி கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"அம்மா, அப்பா எங்க?"

"கிணத்தடியில. ஏன்டி?"

"உயிரோடதான இருக்காரு?"

"கேக்குற கேள்வியப் பாரு! ராத்திரி ரெண்டு தட்டு சோறு தின்னுட்டுப் படுத்தவருக்கு உயிர் எங்க போகும்? ஏன், என்ன ஆச்சு?"

"அப்ப உன்னை விதவைன்னு போட்டு வெச்சிருக்காங்களே, அது யாரு சொல்லிக் குடுத்தது?"

பேச்சு முடிவதற்குள் படமும் வந்து விழுந்தது. ருமியாத்தியின் அடுப்படிதான். கூரையிலிருந்து வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்குகிறது. புகை சுருள்கிறது. நடுவில், பழைய கிழிந்த ரவிக்கையோடு, வெல்லப்பாகு கிண்டும் அகப்பையைப் பிடித்தபடி அவள் குனிந்திருக்கிறாள். அழகான படம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கீழே பொன்னெழுத்தில், 'விதவையின் விடியல். கணவனை இழந்தபின் இவருக்குத் துணை இந்த அடுப்பு மட்டுமே' என்று இருந்தது. முதல் பரிசு வேறு.

யாரோ எவரோ பார்த்திருந்தால் சனியன் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். பார்த்தவள் முர்தினா. விந்தார்திக்குப் பேசி வைத்திருந்த பையன் அஞ்சாரின் தாய். மகனைப் பார்க்க புர்வொரெஜோவிலிருந்து வந்தவள், கடைவளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போய், படத்தின் முன்னால் நின்று, பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நின்று தன்னையும் ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம்தான் முகம் பிடிபட்டிருக்கிறது. சம்பந்தியம்மா என்று விந்தார்தி கைபேசியில் காட்டிய அதே முகம்.

மகனைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாளாம்: "பொண்ணோட அப்பன் செத்துட்டான்னு எழுதியிருக்கு. அப்ப அந்த வீட்ல இருக்கிற ஆம்பள யாருடா?"

எங்கள் பக்கத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வி கிடையாது. நிக்காஹ்வில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் பெற்ற தகப்பன். அவர் போய்விட்டால் அவர் வழியில் வந்த ஆண்கள். வீட்டில் இருக்கிற எவனோ ஒருவன் தகப்பன் என்று சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டால் அந்தக் கல்யாணம் கல்யாணமே இல்லை. ஆக, ருமியாத்தி ஒன்று பொய்காரி, இல்லாவிட்டால் எவனையோ வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவள். மூன்றாவதாக ஒரு வழியை அந்தப் படம் அவளுக்கு விட்டுவைக்கவில்லை.

பெண் கேட்டு வரும் நாளைத் தள்ளி வைத்துவிட்டார்கள். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். அந்த 'விசாரித்துவிட்டு' என்ற சொல்தான் ருமியாத்தியைச் சுட்டது.

ஜுமாடி முகம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மனைவி காட்டிய படத்தைத் தூரவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தார்.

"புகை நல்லா வந்திருக்கு," என்றார்.

"உங்க தலை! கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

படித்தார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "விடு ரும். ஒரு போட்டோதான. எழுதினா செத்துருவமா?" என்றார்.

ருமியாத்திக்குப் படம் எடுத்தவன் மேல் வந்த கோபத்தைவிட இந்த மனிதர் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. தன்னைக் கொன்றவனுக்கே வக்காலத்து வாங்குகிற பிணத்தை அவள் எங்கே பார்த்தாள்?

அந்தப் படம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். மெனோரே மலைச்சரிவில் இருக்கிற சும்பெர்வாருவில் தென்னை மரம் ஏறிப் பதநீர் இறக்குபவர் ஜுமாடி. அதைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி வெல்லம் எடுப்பவள் ருமியாத்தி. கல்யாணமான நாள் முதல் அதுதான் வேலை. அவர் மேலே, அவள் கீழே. அவர் இறங்கி வருவதற்குள் அடுப்பு எரிய வேண்டும். பதநீர் காத்திருக்காது, புளித்துப்போகும். கோபம் வந்தாலும் வேலை நிற்காத வீடு அது. சண்டைகூடப் பாகு கிண்டிக்கொண்டேதான் நடக்கும்.

ஊர்த்தலைவர் பிரிஹாடிக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது. பட்டணத்திலிருந்து புகைப்படக்காரர்களை அழைத்து வந்தால் ஊர் முன்னேறும் என்றார். வந்தார்கள். நீளநீளமான கருவிகளோடு, வேனில், கூட்டமாக. இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரே வேட்டை என்பதுதான். பொருத்தமான பெயர். வேட்டைக்கு வருகிறவன் மானிடம் பெயர் கேட்பதில்லை.

அவர்களுக்கு வேண்டியது நம் ஊர் வாழ்க்கை. ஆனால் நாம் வாழ்கிற வாழ்க்கை இல்லை. கேஸ் சிலிண்டரை வெளியே தூக்கிப்போடச் சொன்னார்கள். பிளாஸ்டிக் வாளி ஆகாது. தொலைக்காட்சிப் பெட்டியைத் துணி போட்டு மூடு. ருமியாத்தியின் பூப்போட்ட வீட்டுடுப்பு ஆகாது, பெட்டியின் அடியில் கிடக்கிற கந்தல் ரவிக்கை வேண்டும். அவள் சிரித்தால் ஆகாது. எல்லாவற்றையும்விட ஆகாதவர் ஜுமாடிதான். அவர் போட்டிருந்தது பந்தாட்டக் குழுவின் சிவப்புச் சட்டை. கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். அப்புறமும் கூட்டத் தலைவர் ஹெந்த்ராவான் உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா ரொம்பத் தெம்பா இருக்காரு. உருக்கம் வரல."

மரம் ஏறுகிறவன் நெஞ்சும் தோளும் வேறெப்படி இருக்கும்? ஆனால் ஜுமாடி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவரை மூங்கில் தட்டிச் சுவருக்குப் பின்னால் குந்த வைத்து, கையில் விசிறியைக் கொடுத்தார்கள். ஈரத் தேங்காய்நாரை மூட்டி, சுவர் இடுக்கு வழியாக உள்ளே புகை விசிற வேண்டும். கூரையில் ஓடு ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். அது வழியாக இறங்கும் வெயில் புகையில் பட்டால்தான் கம்பி கம்பியாகத் தெரியும். "புகை, ஐயா, புகை!" என்று அவர்கள் கத்தக் கத்த, இவர் இருமிக்கொண்டே விசிறினார். அன்று முதல் கழுத்தில் கருவி தொங்கும் மனிதர் யாராவது வாசலில் தெரிந்தால் போதும், சொல்லாமலேயே எழுந்து சுவருக்குப் பின்னால் போய்விடுவார்.

பிடுங்கிய ஓட்டைத் திருப்பி வைக்க பிரிஹாடி விடவில்லை. அடுத்த கூட்டம் வருமே! மழைத் தண்ணீர் பாகில் விழுந்தது. தரைக்குச் சிமெண்ட் பூச ஆசைப்பட்டு ருமியாத்தி வாங்கி வைத்த மூட்டை, "மண் தரைக்குத்தான் மவுசு, கை வைக்காதீங்க" என்ற அவர் கட்டளையால் மூலையிலேயே கிடந்து கல்லாய் இறுகிப்போனது. நாம் ஏழையாக இருப்பதற்குக்கூட ஊர்த்தலைவரிடம் ஒப்பந்தம் போட்டாயிற்று என்று அவள் முணுமுணுப்பாள். ஜுமாடி, "பெரிய மனுசங்க சொல்றாங்க," என்பார்.

இப்போது அவள் பிரிஹாடி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க ருமக்கா! முதல் பரிசாமே! ஊருக்கே பெருமை."

"அண்ணே, எம்புருசன எப்ப அடக்கம் பண்ணினீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்து ஒப்பாரி வெச்சிருப்பேன்ல?"

காப்பி அவருக்குப் புரையேறியது. "அது ஒரு தலைப்புதான், அக்கா. கலை. கலையில நெசம் பொய் பாக்கக் கூடாது."

"அப்படியா? அப்ப அடுத்த படத்துக்கு உங்க வீட்டம்மாவ விதவையாக்குங்க. கூப்பிடுங்க அவங்கள, நானே கந்தல் ரவிக்கை குடுக்கறேன்."

உள்ளேயிருந்து பிரிஹாடியின் மனைவி எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பப் போனாள். பிரிஹாடிக்கு அதுதான் சுருக்கென்றது.

"ஒரு எழுத்துக்காக ஊர் வளர்ச்சியக் கெடுக்காதீங்க. உங்க பொண்ணு விசயம் நாளைக்குத் தானா சரியாயிரும். ஞாயித்துக்கிழமை ஹெந்த்ராவான் ஐயா மறுபடி வராரு. சிரிச்ச மொகமா… இல்ல, சிரிக்காத மொகமா இருங்க."

ருமியாத்தி ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பிரிஹாடிக்கு விவரம் போதாது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. ஹெந்த்ராவான் இறங்கி, ஏதோ மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வருகிற தோரணையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். கைப்பலகைக் கணினியில் பரிசுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ருமியாத்தி அதை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சின்னப் படத்தைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்தாள். சென்ற தடவை அவர்களே அன்பளிப்பாகக் கொடுத்தது. அதே படம், அதே நொடி.

சின்னப் படத்தில், மூங்கில் சுவரின் அடியில், வலப்பக்க மூலையில், ஒரு கால் தெரிந்தது. வெடித்த குதிகால், மரத்தில் ஏறி ஏறித் தட்டையான பெருவிரல். புகை போட்டுக்கொண்டிருந்த ஜுமாடியின் கால். அந்தக் காலைப் பார்ப்பதற்காகவே அவள் அந்தப் படத்தை மாட்டி வைத்திருந்தாள் என்பது ஜுமாடிக்கே தெரியாது. பெரிய படத்தில் அந்த இடத்தில் வெறும் மண்.

"கால் எங்க?"

"எது? ஓ, அதுவா." ஹெந்த்ராவான் பொறுமையாகச் சிரித்தார். "அது கவனத்தைச் சிதறடிக்கிற பொருள்மா. அதனால அழிச்சிட்டோம்."

"ஆமா, கல்யாணமான நாள்ல இருந்து என் கவனத்தைச் சிதறடிக்கிற பொருள்தான். அதுக்காக நான் அழிச்சிட்டனா?"

வந்திருந்தவர்களில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஹெந்த்ராவான் சிரிக்கவில்லை.

"பாருங்கம்மா, நடுவர்களுக்கு மனசு உருகணும். புருசன் சுவருக்குப் பின்னால உக்காந்து விசிறிக்கிட்டிருக்கான்னு எழுதினா யாரு உருகுவா?"

"நான் உருகுவேன்!" என்று கத்தினாள் ருமியாத்தி. கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கோபத்தில் முகம் இன்னும் சிவந்தது. சுவருக்குப் பின்னால் விசிறி கீழே விழுகிற சத்தம் கேட்டது. ஜுமாடி வழக்கம்போல ஏற்கெனவே அங்கே போய்க் குந்தியிருந்தார்.

"அந்த எழுத்த மாத்துங்க," என்றாள்.

"பரிசு குடுத்தாச்சு. இனிமே மாத்த முடியாது."

"முடியாதா?"

"முடியாது. சரி, வெயில் ஏறுது. புகை போடச் சொல்லுங்க."

"புகைதான வேணும்? போடறேன்."

அவள் அடுப்புக்குப் போனாள். ஊறிக்கிடந்த நார் மொத்தத்தையும் அள்ளி உள்ளே திணித்தாள். மேலே பச்சை வாழை இலை, அதற்கு மேல் உமி. பிறகு கதவைச் சாத்தித் தன் முதுகை அதில் கொடுத்து நின்றுகொண்டாள். முதலில், "ஆகா, அருமை" என்றார்கள். பிறகு இருமினார்கள். பிறகு கண் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கம்பி கம்பியாக இறங்கிய வெளிச்சம் எங்கே போனதோ, உள்ளே யார் எங்கே என்று தெரியவில்லை.

"கதவத் தொறங்கம்மா!"

"இருங்க, உருக்கம் வரட்டும்."

கண்ணும் மூக்கும் வழிந்தது எல்லாருக்கும். ருமியாத்திக்கு மட்டும் பழக்கமான புகை. கதவைத் திறந்துவிட்டபோது கூட்டம் கோழிக்கூண்டைத் திறந்ததுபோல வெளியே கொட்டியது. ஹெந்த்ராவான் வாசலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். பிரிஹாடி ஓடிவந்து, "அக்கா, அக்கா" என்று கையைப் பிசைந்தார். அன்றைக்குக் காய்ச்சிய பாகு முழுக்கப் புகை நாறிப்போனது. ஒரு நாள் உழைப்பு வீண். அவள் வருத்தப்படவில்லை. கொட்டும்போது ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

மறுநாள் ஜுமாடியைக் குளிக்க வைத்து, பெருநாள் சட்டையை மாட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றினாள்.

"நிக்காஹ் சான்று எடுத்துக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு காட்ட நான் காகிதம் தூக்கிட்டுப் போகணுமா? ஆளே இருக்கும்போது காகிதம் எதுக்கு? ஏறுங்க."

மலை இறங்கி புர்வொரெஜோ போய்ச் சேர்ந்தார்கள். முர்தினா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு தேநீர் கொடுத்தாள். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் பொறுக்க முடியவில்லை.

"இவருதான் விந்தார்தி அப்பா," என்றாள் ருமியாத்தி. "நீங்க கண்ணீர் விட்டது இவருக்குத்தான். செத்தவரு தேநீர் குடிக்க வந்திருக்காரு."

"தப்பா நெனைக்காதீங்க. படத்துல எழுதியிருந்ததப் படிச்சேன். எழுதறவங்க பொய் எழுதுவாங்களா?"

"எழுதினாங்களே!"

ருமியாத்தி சின்னப் படத்தை நீட்டினாள். அந்தக் காலைக் காட்டினாள். "செருப்பக் கழட்டுங்க," என்று ஜுமாடியை அதட்டினாள். அவர் பாவம், நடுக்கூடத்தில் காலைத் தூக்கிக் காட்டினார். முர்தினா படத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு அவள் கண் மெல்ல மேலேறி அவர் முகத்தில் போய் நின்றது. விந்தார்தியின் அந்தச் சப்பை மூக்கு, அதே ஏறிய புருவம், வெட்கம் வந்தால் சிவக்கும் அதே விடைத்த காது.

"அட ஆண்டவனே," என்று வாயைப் பொத்திக்கொண்டாள் முர்தினா. "மருமக மூக்கு மீசை வெச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கு!"

ஜுமாடியின் காது இன்னும் சிவந்தது. முர்தினா சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு ருமியாத்தியின் கையைப் பிடித்து, "எம்மேலதான் தப்பு சம்பந்தி. நான் அந்தப் படத்துக்குப் பக்கத்துல நின்னு போட்டோ வேற எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிட்டேன்," என்றாள்.

"அனுப்பினவங்களுக்கெல்லாம் இன்னிக்கே சொல்லணும். இவரு உசுரோட இருக்காருன்னு."

"சொல்றேன்."

"என் முன்னாடி சொல்லுங்க."

முர்தினா அவள் முன்னாலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். கடைசி ஆள் வரைக்கும் ருமியாத்தி எழுந்திருக்கவில்லை.

பெண் கேட்டு வரும் நாள் திரும்பக் குறிக்கப்பட்டது. அதற்குள் ருமியாத்தி ஓட்டைத் திருப்பி வைத்தாள். புதுச் சிமெண்ட் வாங்கித் தரையைப் பூசினாள். பிரிஹாடி வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனார். அவர் மனைவி மட்டும் விடிவதற்குள் மற்றப் பெண்களோடு அரிவாள்மணையும் கையுமாக வந்துவிட்டாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டு விசேஷம் என்றால் அடுப்பு அந்த வீட்டுக்காரியுடையது இல்லை, தெருவுடையது. தேங்காய் துருவுவதும், ஒட்டரிசியும் வெல்லமும் சேர்த்துக் கிண்டுவதும், ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வதுமாக அடுப்படி இரைந்தது. பிளாஸ்டிக் வாளிகள் சிவப்பும் நீலமுமாகத் தரையெங்கும் கிடந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க ருமியாத்திக்கு மனம் நிறைந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ஒட்டரிசிப் பலகாரத் தட்டுகளோடு வந்தார்கள். அந்த அரிசி ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்ள வேண்டும் இரண்டு குடும்பமும் என்று அர்த்தம். பேச்சு நல்லபடியாக முடிந்தது. தகப்பன் என்ற முறையில் ஜுமாடி, பெண்ணைத் தருகிறேன் என்று சொன்னார். குரல் நடுங்கியது. ஆனால் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். ருமியாத்தி கதவோரம் நின்று அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாள். இத்தனை நாள் கோபமும் அதில் தணிந்துவிடும் என்று நினைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் முர்தினா அடுப்படிக்கு வந்து, கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். "எல்லாரும் இங்க வாங்க! இந்த அடுப்படியில ஒரு நல்ல படம் எடுத்து, அந்தப் பொய்ப் படம் போன எடத்துக்கெல்லாம் இத அனுப்பறேன். சம்பந்தி, உங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க, நடுவுல நிக்கட்டும்."

இப்போதுதான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காணோம்.

"விந்தார்தி அப்பா!"

பதில் இல்லை. ருமியாத்தி கொல்லைப்புறம் போனாள். மூங்கில் சுவருக்குப் பின்னால், பெருநாள் சட்டையோடு, வழக்கமான இடத்தில் ஜுமாடி குந்தியிருந்தார். கையில் விசிறி. அவளைப் பார்த்ததும், "நார் எங்க வெச்ச? காணோமே," என்றார்.

ருமியாத்தி அந்த விசிறியையே பார்த்தாள். ஹெந்த்ராவான் காலைத்தான் அழித்தான், மிச்சத்தை இந்த மனிதர் தானாகவே அழித்துக்கொண்டிருக்கிறார். விசிறியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசினாள்.

"எந்திரிங்க! உங்கள யாரு இங்க வரச் சொன்னது? இனி ஒருவாட்டி இந்தச் சுவத்துக்குப் பின்னால உங்களப் பாத்தேன், நெசமாவே விதவையாயிருவேன், சொல்லிட்டேன்!"

குரல் உடைந்துவிட்டது. ஜுமாடி மிரண்டுபோய் எழுந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்து, எல்லாருக்கும் முன்னால், அடுப்புக்கு நேர் எதிரே நிறுத்தினாள். அவர் நழுவிவிடாமல் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிங்க சம்பந்தி," என்றாள் முர்தினா.

"நான் சிரிக்கல. நீங்க எடுங்க. கால் தெரியுதா பாருங்க."

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வெளிச்சம் சரியில்லை, பாதிப் பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள், மூலையில் கேஸ் சிலிண்டர் நிற்கிறது. நடுவில் ஜுமாடி, தலையிலிருந்து கால் வரை முழுசாக இருக்கிறார். பக்கத்தில் ருமியாத்தி அழுத கண்ணோடு முறைத்துக்கொண்டு நிற்கிறாள், அவள் பிடியில் அவர் சட்டை தோளில் கிழிந்திருக்கிறது.